மூன்றாம் குழாயில் ஒரு துணி

அந்த மழலையர் பள்ளியில் ஆயாம்மாவுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டா என்பதே யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் எழுதித்தான் இருப்பார்கள், யார் போய்ப் பார்த்தார்கள்? பத்தொன்பது வருஷமாகக் குழந்தைகளுக்கு ஆயாம்மா, டீச்சர்களுக்கு ஆயாம்மா, கேட்டருகே வந்து நிற்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஆயாம்மா. முடி வெட்டும் தொழில் பார்க்கிற புருஷன்கூட வீட்டில், "என்ன ஆயாம்மா, இன்னிக்கு டீ கிடைக்குமா, இல்ல நானே போட்டுக்கணுமா?" என்றுதான் கேட்பார்.

மூன்றிலிருந்து ஐந்து வயசுக்குள் நாற்பது உருப்படிகள். மூக்கு துடைக்க வேண்டும், கால்சட்டை மாற்ற வேண்டும், பழம் நறுக்க வேண்டும், செருப்புகளை ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு மூலையில் கொட்டியதைத் துடைத்து நிமிர்ந்தால் அடுத்த மூலையில் ஒருத்தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு ஒன்றும் அறியாதவன் போல நிற்பான். அதற்காகவே அவள் இடுப்பில் எப்போதும் ஒரு துணி செருகியிருக்கும். "நான் செத்தாலும் இந்தத் துணியோடதான் போவேன். அங்கயும் எவனாவது கொட்டி வெச்சிருப்பான்" என்பாள். இப்படி ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரி.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தக் குழந்தை அழுதாலும் அவள் தூக்கினால் இரண்டே நிமிஷத்தில் அடங்கிவிடும். முதல் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவன் ஒருத்தன் வருஷா வருஷம் வருவான். டீச்சர்கள் கெஞ்சிப் பார்த்து, கொஞ்சிப் பார்த்து, தோற்றுப்போய் "ஆயாம்மா!" என்று கூப்பிடுவார்கள். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்து வருவாள். அந்த நடையில் இருந்த கர்வம் இருக்கிறதே, அடேயப்பா!

அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது, நாலு வயசுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தபோது. ஆட்டிசம் என்றார்கள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, யாராவது தொட்டால் உடம்பு விறைத்துவிடும். முதல் நாள் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலற, வழக்கம்போல ஆயாம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆயாம்மா வழக்கம்போல நடந்து வந்து தூக்கினாள். குழந்தை துள்ளிய துள்ளலில் அதன் முழங்கை தாடையில் இடிக்க, ஆயாம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தனை டீச்சர்கள் முன்னாலும். மறுநாள் பிஸ்கட்டோடு போனாள், அதற்கு மறுநாள் பொம்மையோடு போனாள். நாலாம் நாள், "அதுக்கு மனுஷங்களே ஆகாது போல" என்று சமையலறையில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போவதையே விட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பாட்டு டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. சின்னப் பெண், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். பேச்சு வராத குழந்தை மற்றவர்களோடு சேர வேண்டுமானால் பேச்சே வேண்டாத விளையாட்டு வேண்டும் என்றாள். அறைக்குள் அடிக்கிற சத்தம் நாலு சுவரிலும் மோதி இந்தக் குழந்தைகளின் காதைக் குத்துகிறது, வெட்டவெளியில் அந்தத் தொல்லை இல்லை என்றாள். அப்படித்தான் பள்ளிக்குப் பின்னால் இருந்த திடலில் பாட்டு விளையாட்டுக்கான இடம் உருவானது. கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் டிரம்கள், மிதித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போடும் பலகைகள், போதும் என்று தோன்றினால் போய் ஒளிந்துகொள்ள ஒரு மூலையில் சின்னக் கூடாரம். சுவரோரம் நீளம் குறையக் குறைய வரிசையாக ஐந்து இரும்புக் குழாய்கள்.

குழாய் மாட்ட வந்த பிளம்பர் தொழில் பழக்கத்தில் ஐந்தையும் சுவரோடு இறுக்கிவிட்டுப் போனார். தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரி 'டக்' என்றது. "குழாய் ஆடக்கூடாதுங்க, ஆடினா லீக் ஆகும்." பாட்டு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, இதுல தண்ணி வரவேணாம், பாட்டு வந்தா போதும்!" கயிற்றில் தொங்கவிட்ட பிறகுதான் ஐந்தும் வாய் திறந்தன.

எல்லாம் சரி. ஆனால் அந்தச் சுவரை ஒட்டித்தான் பாத்திரம் கழுவும் தொட்டி. ஆயாம்மா காலையிலிருந்து மத்தியானம் வரை உட்காரும் இடம். 'இங்கே மாட்டலாமா?' என்று அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த நாலு வயசுப் பெண் முதல் வாரம் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. பாட்டு டீச்சரும் கூப்பிடவில்லை, மற்றவர்களைக் கூப்பிடவும் விடவில்லை. இரண்டாம் வாரம் அவளாகவே வந்து, ரப்பர் வைத்த கட்டையை எடுத்து, ஐந்து குழாய்களையும் தட்டிப் பார்த்தாள். மூன்றாவதைத் தட்டியதும் 'டிங்ங்' என்றது. குனிந்து குழாயில் கன்னத்தை வைத்து, சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அப்படியே நின்றாள். அப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு பள்ளியில் யாரும் பார்க்காதது.

அதிலிருந்து அவள் இடம் மூன்றாவது குழாய்தான். திடலில் பிள்ளைகளின் ரயில் ஒன்று ஓடும். பஸ் டிரைவர் மகன் இன்ஜின், பின்னால் ஆறேழு பெட்டிகள். ஒருநாள் ரயில் குழாய்களைக் கடந்தபோது மூன்றாவது குழாயடியில் அவள் வழியை மறித்து நின்றாள். இன்ஜின் நின்றான். அவள் ஒரு தட்டு தட்டினாள். "பெல் அடிச்சாச்சு, போலாம் ரைட்!" என்று இன்ஜின் கத்த, ரயில் கிளம்பியது. அவ்வளவுதான்! அன்றிலிருந்து அவள் ஸ்டேஷன் மாஸ்டர். அவள் மணி அடிக்காமல் ரயில் நகராது. எந்த டீச்சரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தது. ரயில் வரத் தாமதமானால் அவள் நுனிக்காலில் நின்று பார்ப்பாள். ஒருநாள் பொறுமை கெட்டுப்போய் இன்ஜினின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிற அவள் அம்மா அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடி அதைப் பார்த்து அழுதாள்.

ஆயாம்மா அழவில்லை. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ரயில் ஓடுவது அரைமணி நேரம். மற்ற நேரத்தில் அந்தப் பெண் தனியாக நின்று அதே குழாயை இருநூறு தடவை, முந்நூறு தடவை தட்டுவாள். ஆயாம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். "மூணாம் நம்பர் ஆரம்பிச்சிடுச்சுப்பா" என்று சொல்லிச் சிரிப்பாள், மற்றவர்களும் சிரிப்பார்கள். தொட்டியை இடம் மாற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். "அடுத்த மாசம் பாக்கலாம் ஆயாம்மா" என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை தலைவலி தாங்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு இடுப்புத் துணியை உருவினாள், மடித்தாள், மூன்றாவது குழாயின் அடிவாயில் விரலால் அழுத்தித் திணித்தாள். வெளியே ஒரு நூல்கூடத் தெரியவில்லை. தட்டிப் பார்த்தாள். 'தப்'. அப்பாடா! உடைக்கவில்லை, கழற்றவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுக்கென்ன தெரியப்போகுது!

மறுநாள் காலை அந்தப் பெண் வந்து தட்டினாள். 'தப்'. கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். வேறு கட்டை எடுத்து வந்து தட்டினாள். 'தப்'. இரண்டாவது குழாயைத் தட்டினாள், அது பாடியது. திரும்ப மூன்றாவதுக்கு வந்தாள். 'தப்'. தொட்டியடியில் ஆயாம்மா கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். எழுந்து பத்து எட்டு வைத்தால் துணியை உருவிவிடலாம். ஆனால் பாட்டு டீச்சர் அங்கேயே நிற்கிறாள். 'அவ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பட்டும்' என்று காத்திருந்தாள்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. நின்றது. "ஸ்டேஷன் மாஸ்டர், பெல்லு!" என்றான் இன்ஜின். அவள் அடித்தாள். தப். அடித்தாள், அடித்தாள், கட்டையை வீசிவிட்டுக் கையால் அடித்தாள், கடைசியில் நெற்றியைக் கொண்டுபோய்க் குழாயில் மோதினாள். இன்ஜின் பயந்துபோய் அவளைத் தடுக்கக் கையைப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். விடவில்லை. டீச்சர் வந்து பிரிப்பதற்குள் ரத்தம் வந்துவிட்டது.

இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். திடல் காலியானது. ஆயாம்மா போய்த் துணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். காரியத்தைக் கச்சிதமாக முடித்தாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு டீச்சர் வந்து மூன்றாவது குழாயைத் தட்டினாள். 'டிங்ங்'. "நல்லாத்தானே இருக்கு" என்றாள். அழுகிற குரலில்தான் சொன்னாள்.

மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். மகளின் நெற்றி வீங்கியிருந்தது. எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: நன்றாக இருந்தாள், திடீரென்று இப்படி, ஒரு காரணமும் இல்லை. அவள் ஒருத்தரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை. நேராகத் தொட்டியடிக்கு வந்தாள்.

"ஆயாம்மா, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம். ஏதாவது பாத்தீங்களா? எம்பொண்ணு காரணமில்லாம எதுவும் பண்ண மாட்டா. என்னமோ நடந்திருக்கு. சின்னதா ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க."

துணி இடுப்பில்தான் இருந்தது. ஈரம் விலாவில் உறைத்தது.

"நான் ஒண்ணும் பாக்கலைம்மா" என்றாள் ஆயாம்மா.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லம்மா. திடீர்னுதான்."

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அப்புறம் பத்து நாள். முடிவு தெரிகிறவரை குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று பள்ளியை நடத்துகிற பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். காரணமில்லாமல் கடிக்கிற குழந்தையோடு என் மகனை விட முடியாது என்று பஸ் டிரைவர் கடிதம் எழுதினார், கூட நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அந்தப் பெண் இந்தப் பள்ளியில் இருப்பாளா மாட்டாளா என்பது அன்றைக்குத் தெரியும்.

ஆயாம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனிடம் சொன்னாள். அவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, "நீயா கடிச்சே? குழாயிலதானே துணி வெச்சே? இதுக்குப் போயி..." என்றார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? திடலில் ரயில் இப்போதும் ஓடியது. கையில் கட்டோடு இன்ஜின் மூன்றாவது குழாயடியில் வந்து நிற்பான். வேறொருத்தி கட்டையை எடுத்தால், "நீ இல்ல" என்பான். சும்மா நிற்பார்கள், பிறகு மணி இல்லாமலே போவார்கள். தொட்டியடியில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

தலைவலிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பாதிப் பொய் என்று அவளுக்கே தெரியும். தலைவலியோடு அவள் எத்தனை சத்தத்தைத் தாங்கியிருக்கிறாள்! தன் இடுப்பில் இரண்டு நிமிஷம் உட்காராத குழந்தை ஒரு இரும்புக் குழாயில் கன்னத்தை வைத்துச் சிரித்தது. அது பொறுக்கவில்லை. சீ, ஒரு குழாய் மேல் பொறாமை! வயசு ஐம்பதாகிறது. நாலு வயசுக் குழந்தையிடம் மல்லுக்கு நின்று, ஜெயித்து, அதைப் பள்ளியை விட்டே அனுப்பப்போகிறேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. எத்தனையோ தடவை பெரிய டீச்சர் அறை வாசல்வரை போனாள். ஒவ்வொரு தடவையும், "என்ன ஆயாம்மா?" என்று அவர் நிமிர்ந்தால், "டீ வேணுமான்னு கேக்க வந்தேன்" என்று மென்று விழுங்கிவிட்டுத் திரும்பினாள். பெரிய டீச்சர் அந்தப் பத்து நாளில் குடித்த டீ கொஞ்சநஞ்சமல்ல.

கூட்டம் வகுப்பறையில் நடந்தது. பெரியவர்களெல்லாம் குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். ஆயாம்மா டீ டிரேயோடு உள்ளே போனபோது பெரிய டீச்சர் முடித்துக்கொண்டிருந்தார். "எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம். காரணம் தெரிஞ்சா சரிபண்ணலாம். காரணமே இல்லாதப்போ மத்த குழந்தைகளையும் நாங்க பாக்கணும் இல்லையா?"

பாட்டு டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா அதற்குள், "சரிங்க" என்றாள். சண்டை போடுவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். "காரணம் இருக்கும்னு நான்தான் அடம் பிடிச்சேன். இல்லைன்னு ஆயிடுச்சு. கூட்டிட்டுப் போயிடறேன்."

"காரணம் இருக்கு" என்றாள் ஆயாம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். டிரேயைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதைப் பிடித்தபடியே சொன்னாள். துணி வைத்தது, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது, உருவியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. "அது எங்கிட்ட வராம குழாய்கிட்ட போச்சேன்னு ஒரு ஆங்காரம்" என்றும் சொன்னாள். சொல்லி முடித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பாட்டு டீச்சர்தான் முதலில், "உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டியிருக்கணும் நான்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "எம்பையன் பத்து நாளா ஸ்டேஷன் மாஸ்டர் எப்போ வருவாள்னு உசிரை எடுக்கறான். நான்தான் வாயை மூடுன்னு அதட்டினேன்" என்று சொல்லி, மேஜை மேல் இருந்த தன் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா மட்டும் ஆயாம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்களே" என்றாள். "அதை நம்பிட்டேன். காரணமில்லாமதான் பண்றாள்னு நாலு வருஷமா யார் சொன்னாலும் நம்பலை. டாக்டர் சொல்லி நம்பலை, சொந்தக்காரங்க சொல்லி நம்பலை. நீங்க இத்தனை குழந்தைங்களைப் பாத்தவங்க, உங்களுக்குத் தெரியாதான்னு நம்பினேன். அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவளை அடிச்சேன். பொறந்ததுலேருந்து ஒரு அடி அடிச்சதில்ல. ஏன்டி கடிச்சே, ஏன்டி கடிச்சேன்னு அடிச்சேன். அவளால சொல்ல முடியலை."

ஆயாம்மா டிரேயை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

"எங்கிட்ட வேணாம்" என்றாள் அந்த அம்மா. "அவகிட்ட காட்டுங்க. வாயால சொன்னா அவளுக்குப் போகாது. செஞ்சு காட்டுங்க."

மறுநாள் காலை, பாட்டு டீச்சரும் அம்மாவும் தள்ளி நிற்க, ஆயாம்மா மூன்றாவது குழாயடியில் மண்டி போட்டாள். அந்தப் பெண் கொஞ்ச தூரத்தில் எங்கேயோ பார்த்தபடி நின்றாள். ஆயாம்மா இடுப்பிலிருந்து துணியை எடுத்தாள், குழாயில் திணித்தாள், தட்டினாள். 'தப்'. உருவினாள், தட்டினாள். 'டிங்ங்'. அந்தப் பெண்ணின் தலை திரும்பியது. ஆயாம்மா மறுபடி செய்தாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ குழந்தைகளுக்கு 'தப்பு பண்ணினா ஒத்துக்கணும்' என்று சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் ஒத்துக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள். துணியைப் பிடுங்கித் தானே திணித்து, தட்டி, உருவி, தட்டினாள். மூன்று தடவை. பிறகு துணியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தாள். ஆயாம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்தது கைகளை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

ஆயாம்மாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றித் தருவதாகப் பெரிய டீச்சரே இப்போது சொன்னார். ஆயாம்மா மறுத்துவிட்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிறாள். ரயில் ஓடுகிறது.

ஆனால் ஒன்று. தினமும் காலையில் அந்தப் பெண் திடலுக்கு வந்ததும் நேராகக் குழாய்க்குப் போவதில்லை. முதலில் தொட்டியடிக்கு வருவாள். ஆயாம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களைப் பிரித்து, புரட்டி உள்ளங்கையைப் பார்ப்பாள். இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பாள். துணி இல்லை என்று தெரிந்த பிறகுதான் போய் மணி அடிப்பாள். யார் தொட்டாலும் விறைத்துப்போகிற குழந்தை, பள்ளியில் தானாக வந்து கையைப் பிடிக்கிற ஒரே ஆள் ஆயாம்மாதான்.

போன மாதம் வேறொரு பள்ளியிலிருந்து நாலு டீச்சர்கள் அந்தத் திடலைப் பார்க்க வந்திருந்தார்கள். காலையில் இது நடந்தபோது அவர்களில் ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, பாருங்களேன்! உங்ககிட்ட என்னமா ஒட்டிக்கிட்டிருக்கா! இந்தப் பாசத்துக்கு என்ன பண்ணினீங்க ஆயாம்மா?"

"பாசமில்லைங்க, சோதனை போடறா" என்றாள் ஆயாம்மா.

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆயாம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண் இன்னும் இடது கையைப் பார்த்து முடிக்கவில்லை, அதனால் விரல்களை நன்றாக விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள்.